மாறாமல் இருப்பவர் எவ்வளவு கட்டுவார்? மின்சாரம், எரிவாயு, குடிநீர்: கட்டுப்பாட்டுத் தளர்வு பற்றி ஒரு விவாத இழை

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

தொலைபேசித் துறையைத் திறந்துவிட்ட பிறகு விலை இறங்கியது, சேவை பெருகியது, இணைப்புக்காகக் காத்திருந்த காலம் மறைந்தது. மின்சாரத்தையும் எரிவாயுவையும் குடிநீரையும் மட்டும் ஏன் இன்னும் பூட்டி வைத்திருக்க வேண்டும்? வாடிக்கையாளர் கையில் தேர்வைக் கொடுத்துவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை அத்துடன் முடிந்துவிடும் என்பது என் வாதம். மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 3, மாலை

பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். முதலில் தொலைபேசி உவமையே இடறுகிறது. ஒரே ஊரில் நான்கு நிறுவனங்களின் கைபேசிக் கோபுரங்கள் நிற்க முடியும். ஒரே வீட்டுக்கு நான்கு மின்கம்பிகளையும் நான்கு குடிநீர்க் குழாய்களையும் இழுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே கம்பியும் குழாயும் ஏகபோகமாகவே நீடிக்கும்; அவற்றுக்கான கட்டணத்தை ஏதேனும் ஓர் ஆணையம் நிர்ணயித்தே தீர வேண்டும். போட்டிக்கு இடமுள்ளவை இரண்டு முனைகள்தாம்: ஒரு முனையில் மின் உற்பத்தி, மறுமுனையில் வாடிக்கையாளருக்கு பில் போட்டு வசூலிக்கும் சில்லறை வழங்கல். சிலி நாடு 1982இல் சட்டம் இயற்றி உற்பத்தியையும் மின்கடத்தலையும் பகிர்மானத்தையும் தனித்தனியாகப் பிரித்தது இதனால்தான். இங்கிலாந்தும் வேல்ஸும் 1990இலும், நார்வே 1991இலும் ஏறத்தாழ அதே வழியில் இறங்கின.

ஆகவே நீங்கள் வழங்குநரை மாற்றினால் வீட்டுக்குள் வரும் மின்சாரம் மாறாது. மின்தடை ஏற்பட்டால் ஏணியோடு வருபவரும் மாறமாட்டார். பில்லின் தலைப்பில் உள்ள பெயர், யூனிட் விலை, ஒப்பந்த விதிகள், தொலைபேசியில் நம்மைக் காக்கவைக்கும்போது ஒலிக்கும் இசை ஆகியவையே மாறும். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. யூனிட் விலை சிறு விஷயம் அன்று. ஆனால் நமக்குக் கிடைக்கும் தேர்வு எதைப் பற்றியது என்பதைத் தொடக்கத்திலேயே அளந்துகொள்வது நல்லது.

பிப்ரவரி 3, இரவு

ஒரு விளக்கம் விட்டுப்போயிற்று. தனியார்மயமும் கட்டுப்பாட்டுத் தளர்வும் ஒன்றல்ல. நார்வேயில் மின்நிலையங்களில் பெரும்பகுதி அரசுக்கும் நகராட்சிகளுக்கும் சொந்தமாகவே இருக்க, சந்தை திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் குடிநீர் நிறுவனங்கள் 1989இல் தனியாருக்குப் போயின. ஆனால் அங்குள்ள எந்தக் குடும்பமும் இன்றுவரை தன் குடிநீர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. உடைமை யாருடையது என்பது ஒரு கேள்வி, வாடிக்கையாளர் விலகிப் போக முடியுமா என்பது வேறொரு கேள்வி. இந்த இழையில் இரண்டாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

பிப்ரவரி 5

"நீங்கள் புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. இரண்டு ஆண்டுகள் ஒரு சில்லறை மின்வழங்கு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே கற்றதில் ஒன்று: எங்கள் விலைப்பட்டியலில் இருந்த மிக மலிவான திட்டம் எந்த விளம்பரத்திலும் இல்லை. வாடிக்கையாளர் தொலைபேசியில் "விலகப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்ததும் அழைப்பை வேறொரு மேசைக்கு மாற்றிவிடுவோம். அந்த மேசையில் இருப்பவரின் திரையில் மட்டும்தான் அந்தத் திட்டம் தெரியும். பதினைந்து ஆண்டுகள் தவறாமல் பணம் கட்டி, ஒருமுறைகூடக் குறை சொல்லாதவருக்கு அந்தத் திரை திறந்ததே இல்லை. பில் வந்த நாளெல்லாம் சண்டை போட்டவருக்கு மூன்று முறை திறந்தது.

வாடிக்கையாளராக என் அனுபவம் இன்னொரு வகை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டுக்கு அடியில் ஒரே பலகையில் பதினாறு மீட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. மலிவான வழங்குநர் ஒருவரைக் கண்டுபிடித்து மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். மூன்று வாரம் கழித்து எதிர்வீட்டு அம்மையார் கையில் ஒரு கடிதத்தோடு கதவைத் தட்டினார். "எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று என் புதிய நிறுவனம் அவருக்கு எழுதியிருந்தது. மாறியது அவருடைய கணக்கு.

எந்த மீட்டர் யாருடையது என்று தெரிந்துகொள்ள நாங்கள் செய்த பரிசோதனை எளிமையானது. நான் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். அவர் கைவிளக்கோடு படிக்கட்டுக்கு அடியில் நின்றார். மின்சாரம் ஓடும்போது மீட்டரில் சிறு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னும். எது மின்னுவதை நிறுத்துகிறதோ அதுவே என்னுடையது. நின்றது என் பெயருக்கு எதிரே பதிவாகியிருந்த மீட்டர் அன்று, அதற்கு இரண்டு தள்ளி இருந்தது. அதாவது பல ஆண்டுகளாக நான் அவருடைய பில்லையும் அவர் என்னுடைய பில்லையும் கட்டிவந்திருக்கிறோம். ஒரே வழங்குநர் இருந்த காலம் முழுவதும் இந்தத் தவறு உறங்கிக் கிடந்தது. வழங்குநர் மாறியபோதுதான் விழித்துக்கொண்டது.

பிப்ரவரி 6

எப்படித் தீர்ந்தது என்று கேட்டவர்களுக்கு: நான்கு மாதங்கள் ஆயின. என் பழைய நிறுவனம், புதிய நிறுவனம், அவருடைய நிறுவனம், கம்பிக்குப் பொறுப்பான நிறுவனம் என நால்வர். ஒவ்வொருவரும் மிகுந்த பணிவோடு மற்ற மூவரைக் கை காட்டினர். ஏகபோகத்தின்போது திட்டுவதற்கு ஒரு முகவரி இருந்தது. அதை நான் அந்தக் காலத்தின் குறையாகவே எண்ணிவந்தேன்.

பிப்ரவரி 9

இப்போது என் மறுப்பின் நடுப்பகுதிக்கு வருகிறேன். போட்டிச் சந்தையைப் பற்றிப் பேசும்போது மாறுபவரைப் பற்றியே பேசுகிறோம்: எத்தனை பேர் மாறினர், எவ்வளவு சேமித்தனர், எத்தனை நாளில் மாற முடிந்தது. மாறாமல் இருப்பவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதுதான் என் அளவுகோல்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே மாபெரும் தொழிற்சாலைகளுக்கு 1990இலும், அடுத்த நிலையில் உள்ள நிறுவனங்களுக்கு 1994இலும், வீடுகளுக்கு 1998 முதல் 1999க்குள்ளும் தேர்வு திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை; மின்சாரம் வாங்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பவர்கள் அவர்கள். வீடுகளுக்கான விலைக் கட்டுப்பாடும் 2002இல் முற்றிலும் நீக்கப்பட்டது. போட்டி முதிர்ந்துவிட்டது, இனி ஆணையம் ஒதுங்கலாம் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது. நம் வாசகர் சொல்வதும் ஏறத்தாழ அதுவே. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2016இல், அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் தன் விசாரணையை முடித்தபோது, ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் எதையும் தேர்ந்தெடுக்காதவர்கள் தாமாகப் போய்ச் சேரும் இயல்புத் திட்டத்திலேயே இருந்தனர். நன்றாக இயங்கும் போட்டிச் சந்தையில் கட்டியிருக்க வேண்டியதைவிட 2012 முதல் 2015 வரை குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டின என்று அது கணக்கிட்டது. 2019 சனவரியில் உச்சவரம்பு திரும்பி வந்தது.

என் அத்தை அந்த எழுபது பேரின் இனம். "நம்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறவனை விட்டு எதற்குப் போக வேண்டும்?" என்பார். அவர் கட்டிய கூடுதல் பணம்தான் எனக்குக் கிடைத்த புது வாடிக்கையாளர் சலுகையின் ஊற்று என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அத்தையை ஏதோ சோம்பேறி போலக் காட்டியிருக்கிறேன். அது தவறு. மாறுவது அறிவாளியின் செயல், மாறாதிருப்பது மந்தம் என்ற எண்ணம் என் வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

பிரிட்டனில் கிறிஸ் வில்சன், கேத்தரின் வாடம்ஸ் பிரைஸ் என்ற இரு பொருளியலாளர்கள், விலைக்காகவே மாறியதாகச் சொன்ன மின் வாடிக்கையாளர்களை ஆராய்ந்தனர். அவர்களில் குறைந்தது நூற்றுக்குப் பதினேழு பேர் மாறியதால் முன்னிலும் அதிகமாகக் கட்ட வேண்டிய நிலைக்குப் போயிருந்தனர். மற்றவர்களும் சேர்ந்து, சந்தையில் சேமித்திருக்கக் கூடியதில் ஏறத்தாழ பாதிக்கு மேல் சேமிக்கவில்லை. நிலைக்கட்டணம் (எத்தனை யூனிட் செலவழித்தாலும் மாறாமல் கட்ட வேண்டிய தொகை) குறைந்து யூனிட் விலை கூடிய ஒரு திட்டத்தையும், நிலைக்கட்டணம் கூடி யூனிட் விலை குறைந்த இன்னொன்றையும் ஒப்பிட வேண்டுமானால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவழிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கடையில் அரிசி வாங்குபவருக்கு எத்தனை கிலோ வாங்குகிறோம் என்று தெரியும். சுவிட்சைப் போடுபவருக்கு அது தெரிவதில்லை. மாதம் முடிந்து காகிதம் வந்த பிறகே தெரிகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதியபின் ஓர் ஐயம் எழுந்து என் சொந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். யூனிட் விலை மாறாத என் ஓராண்டு நிலைவிலை ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. முடிவதற்கு முன் நினைவூட்டல் வந்திருக்கிறது. விளம்பரம் என்று எண்ணிப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். புகார்ப் பிரிவில் இருந்தபோது அந்தக் கடிதத்தின் வாசகத்தைத் திருத்தும் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 14

அமெரிக்காவின் டெக்சாஸைப் பற்றி ஏன் பேசவில்லை என்று இருவர் கேட்டிருக்கின்றனர். ஒருவர் அதை வெற்றிக் கதையாகவும் மற்றவர் பேரழிவாகவும் நினைக்கிறார். அந்த மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி 2002 சனவரியில் வீடுகளுக்குத் தேர்வைத் திறந்தது. பழைய நிறுவனங்களின் சில்லறைப் பிரிவுகளுக்கு ஓர் அடையாள விலையை ஆணையம் நிர்ணயித்தது. அது உச்சவரம்பு மட்டும் அன்று. தொடக்க ஆண்டுகளில் அதற்குக் கீழேயும் அவர்கள் இறங்கக் கூடாது, புதியவர்கள் காலூன்ற வேண்டும் என்பதற்காக. விலை குறைந்துவிடாமல் காப்பதற்காக ஓர் ஒழுங்குமுறை! 2007 தொடக்கத்தில் அதுவும் நீங்கியது. இப்போது அங்கே நீங்கள் எதையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

பிறகு 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் வந்தது. மின்நிலையங்களும் எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன. வழங்குநர்கள் மின்சாரம் வாங்கும் மொத்தச் சந்தையின் விலை மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 9,000 டாலர் என்ற உச்சத்தில் நான்கு நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. யூனிட்டுக்கு 9 டாலர். தேர்வு செய்தவர்களுக்குக் கிடைத்த பரிசு ஆயிரக்கணக்கான டாலர் பில்.

பிப்ரவரி 15

நேற்றைய கடைசி வரியை அப்படியே விட முடியாது. ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. அத்தகைய பில் வந்தது மொத்த விலையை அப்படியே கடத்திவிடும் திட்டங்களில் இருந்தவர்களுக்குத்தான். அவற்றில் பெயர்பெற்றது கிரிடி என்ற நிறுவனம். அதற்கு ஏறத்தாழ 29,000 வாடிக்கையாளர்கள் இருந்தனர். டெக்சாஸின் பெரும்பாலான குடும்பங்கள் நிலைவிலை ஒப்பந்தத்தில் இருந்தன. அவர்களுக்கு அந்த வாரம் வந்தது இருட்டும் குளிரும்; பில் அன்று. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தனர்.

கிரிடிக்கு நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். மாதம் 9.99 டாலர் மட்டும் தனக்கு எடுத்துக்கொண்டு, மொத்த விலையை ஒளிவுமறைவின்றிக் காட்டிய நிறுவனம் அது. புயலுக்கு முன் தன் வாடிக்கையாளர்களிடம் "தயவுசெய்து எங்களை விட்டு வேறு நிறுவனத்துக்கு ஓடிவிடுங்கள்" என்ற பொருளில் செய்தியும் அனுப்பியது. பலரால் ஓட முடியவில்லை. புதிய வாடிக்கையாளரை அந்த நேரத்தில் சேர்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு 40 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 360 டாலர். விலகும் உரிமை காகிதத்தில் இருந்தது. விலகிப் போக ஒரு வாசல் தேவைப்பட்ட அந்த நான்கு நாளில் அது அடைத்திருந்தது.

அதன்பின் அந்த மாநிலம் வீடுகளுக்கு அத்தகைய திட்டங்களை விற்பதைச் சட்டத்தால் தடுத்தது. கிரிடி ஒரு மாதத்தில் திவாலானது. நிலைவிலைக்காரர்களும் முற்றாகத் தப்பிவிடவில்லை. அந்த வாரத்துச் செலவின் ஒரு பகுதி கடன்பத்திரங்களாக மாறிப் பல ஆண்டுகளுக்குப் பலருடைய பில்லிலும் ஏறுகிறது.

பிப்ரவரி 15, சற்றுப் பிறகு

ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் டெக்சாஸில்தான் இருக்கின்றன. நகராட்சி மின் நிறுவனங்களும் கூட்டுறவுகளும் விரும்பினால் மட்டும் போட்டியில் சேரலாம் என்று சட்டம் விட்டுவைத்ததால் அந்த இரு நகரங்களும் சேரவில்லை. தேர்வு செய்யாமல் இருக்கவும் ஒரு தேர்வு. இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

பிப்ரவரி 19

"அப்படியானால் விலைக்கு ஓர் உச்சவரம்பு போட்டுவிட வேண்டியதுதானே?" என்கிறார் முதல் வாசகர், சற்றுக் கிண்டலாக. வேண்டியதுதான், ஆனால் அதையும் பாதியில் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா இருக்கிறது.

1996இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. 1998 வசந்தத்தில் சந்தை தொடங்கியது. மொத்த விலையைத் திறந்துவிட்டு, சில்லறை விலையை உறையவைத்தனர். வாங்கும் விலை ஏறினால் விற்கும் விலை ஏறாது. மொத்த விலை தாழ்ந்திருந்தவரை எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தனர். 2000ஆம் ஆண்டுக் கோடையில் மழைக்குறைவு, நீர்மின் தட்டுப்பாடு, எரிவாயு விலையேற்றம், அவற்றுக்கு மேல் என்ரான் போன்ற வணிக நிறுவனங்களின் திருவிளையாடல்கள் எல்லாம் சேர்ந்து மொத்த விலையைப் பல மடங்காக்கின. உறைந்த விலையில் விற்ற பசிஃபிக் எரிவாயு மற்றும் மின்சார நிறுவனம் 2001 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. சான் டியாகோவில் மட்டும் 1999இலேயே உறைவு நீக்கப்பட்டிருந்தது. அங்கே குடும்பங்களின் பில் சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. உறையவைத்த இடத்தில் நிறுவனம் சாய்ந்தது; உருகவிட்ட இடத்தில் வாடிக்கையாளர் சாய்ந்தார். 2001 செப்டம்பரில் புதிதாக யாரும் வழங்குநரைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி தேர்வே நிறுத்தப்பட்டது.

பிரிட்டனின் உச்சவரம்பிலும் இதன் சாயல் உண்டு. 2021 இறுதியில் எரிவாயு மொத்த விலை உச்சவரம்பைத் தாண்டிப் பாய்ந்தபோது, முன்கூட்டி வாங்கி வைக்காமல் அன்றன்றைக்கு வாங்கி விற்ற சிறு நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. ஓராண்டுக்குள் முப்பதுக்கு நெருக்கமானவை. அவற்றின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நொடிகூட மின்சாரம் நிற்கவில்லை. கடைசிப் புகலிட வழங்குநர் என்ற ஏற்பாட்டின்படி வேறு நிறுவனங்கள் அவர்களை ஏற்றுக்கொண்டன. அந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் செலவு? அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்கில் வீட்டுக்கு ஏறத்தாழ 94 பவுண்டு, பல்ப் என்ற பெரிய நிறுவனத்தின் செலவைச் சேர்க்காமலேயே. மலிவான சிறு நிறுவனத்துக்கு மாறியவர் சில ஆண்டுகள் சேமித்தார். அந்த நிறுவனம் சாய்ந்தபோது, எங்கும் மாறாத என் அத்தை போன்றவர்களும் சேர்ந்து கட்டினர்.

என் புகார்ப் பிரிவு நாட்களில் நாங்கள் இத்தகைய சிறு நிறுவனங்களைப் பொறாமையோடு பார்ப்போம். "எப்படி இந்த விலைக்கு விற்கிறார்கள்?" என்று மேலாளர் கேட்பார். வாடிக்கையாளர்கள் பயன்பாடு குறையும் கோடையில் முன்கூட்டிக் கட்டிய பணத்தில் அவர்கள் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தனர் என்பதுதான் பதில். பில்லில் "உங்கள் கணக்கில் மீதி" என்று அச்சாகியிருக்கும். உண்மையில் அது வட்டியில்லாக் கடன். கொடுத்தவருக்கே தெரியாமல் கொடுத்தது.

பிப்ரவரி 20

திருத்தம். பிரிட்டனின் உச்சவரம்பு ஒரு குடும்பத்தின் மொத்த பில்லுக்கான வரம்பு என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன்; முந்தைய குறிப்பைப் படித்த சிலரும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றனர். யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும் மட்டுமே வரம்பு உண்டு. செய்திகளில் "ஆண்டுக்கு இத்தனை பவுண்டு" என்று வருவது சராசரிப் பயன்பாட்டுக்கான எண். அதிகம் செலவழித்தால் அதிகம் கட்ட வேண்டியதுதான்.

பிப்ரவரி 21

திட்டங்களின் பெயர்களைப் பற்றி யாரோ கேலி செய்திருந்தார். எங்கள் நிறுவனத்தில் ஒரே விலைக்கு மூன்று பெயர்களில் திட்டம் இருந்தது. ஒன்றில் "சூரியன்" வரும், ஒன்றில் "நிம்மதி" வரும், மூன்றாவதில் இரண்டும் வரும். ஒரு வாடிக்கையாளர் நிம்மதியிலிருந்து சூரியனுக்கு மாறிவிட்டு, விலை குறைந்துவிட்டதாக நன்றிக் கடிதம் எழுதினார். நாங்கள் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.

குழப்பத்தைத் தீர்க்கப் பிரிட்டனின் ஆணையம் ஒரு வழங்குநர் நான்கு திட்டங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. சிறந்த யோசனை என்று இங்கே எழுத நினைத்து, பிறகு நிறுத்திக்கொண்டேன்: 2016 விசாரணை அந்தக் கட்டளையையே நீக்கச் சொன்னது, அது போட்டியை மழுங்கடித்தது என்ற காரணத்தால். பட்டியலைச் சுருக்குவதால் மட்டும் மாறாதவர் மாறிவிடுவதில்லை.

பிப்ரவரி 24

இப்போது ஆக்கபூர்வமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி எனக்கு. மாறாதவருக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு வெவ்வேறு இடங்களில் கிடைத்த விடைகளில் எனக்கு வியப்பூட்டியது மின்சாரத் துறையைச் சேர்ந்ததே அன்று.

அமெரிக்காவில் தொலைபேசி ஏகபோகமாக இருந்த ஏடி அண்டு டி நிறுவனம் 1984 சனவரி முதல் நாள் பிரிக்கப்பட்டது. நெடுந்தூர அழைப்புக்கு எந்த நிறுவனம் வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கு வாக்குச்சீட்டு அனுப்பினர். பதில் அனுப்பாதவர்கள் தொடக்கத்தில் தாமாகவே ஏடி அண்டு டியிடம் போய்ச் சேர்ந்தனர். 1985இல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் குறுக்கிட்டு, வாக்களித்தவர்கள் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்த அதே விகிதத்தில் வாக்களிக்காதவர்களையும் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னது. போட்டிக்கு நியாயம். ஆனால் எதையும் கேட்காத ஒருவரை எவனோ ஒருவனுடைய கையில் பிடித்துக் கொடுத்தது போலவும் இருக்கிறது. அந்தச் சந்தைதான் பிறகு வாடிக்கையாளரைக் கேட்காமலே நிறுவனத்தை மாற்றிவிடும் மோசடிக்கும் பெயர்பெற்றது. 1996 சட்டத்தில் அதற்கெனத் தனிப் பிரிவு எழுத வேண்டியிருந்தது. நம் வாசகர் வெற்றிக் கதையாகச் சொன்ன தொலைபேசிக்கும் காவல் தேவைப்பட்டது.

மின்சாரத்தில் நான் விரும்புவது நியூ ஜெர்சியின் வழி. தேர்ந்தெடுக்காத குடும்பங்களுக்கான மின்சாரத்தை 2002 முதல் ஆண்டுதோறும் ஏலத்தில் வாங்குகின்றனர். ஒவ்வொரு ஒப்பந்தமும் மூன்றாண்டுக்கானது; ஓர் ஆண்டில் தேவையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஏலத்துக்கு வரும். அதனால் ஓர் ஆண்டு விலை எகிறினாலும் பில்லில் அதன் மூன்றிலொரு பங்கே ஏறுகிறது. விலகிப் போக விரும்புபவர் போகலாம், திரும்பி வரவும் செய்யலாம். போட்டி அங்கேயும் இருக்கிறது, ஏல மேடையில். வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவதற்குப் பதிலாக.

கதவைத் தட்டுவதன் விளைவை அதே நாட்டின் வேறொரு மாநிலத்தில் பார்க்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, தனித்தனியாகப் போட்டி வழங்குநரிடம் போன குடும்பங்கள் இயல்பு விலையில் இருந்திருந்தால் கட்டியிருக்க வேண்டியதைவிட இரண்டே ஆண்டுகளில் 17 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருந்தன. குறைந்த வருமானக் குடும்பங்களே அதில் கூடுதல் விகிதத்தில் சிக்கின. அதே மாநிலத்தில் ஒரு நகரமே தன் மக்கள் அனைவருக்கும் சேர்த்து மின்சாரம் பேரம் பேசி வாங்கலாம், பிடிக்காதவர் விலகிக்கொள்ளலாம். ஆஸ்டினைப் பற்றி முன்பு சொன்னது இதற்காகத்தான். தேர்வைத் தனி மனிதர் மட்டுமே செய்ய வேண்டும் என்று விதி இல்லை.

பிப்ரவரி 25

"அப்படியானால் இயல்பு விலை நியாயமாக இருந்துவிட்டால் யாரும் மாறமாட்டார்கள், போட்டியே செத்துவிடும்" என்ற எதிர்வாதம் வலுவானது. இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. மாறாதவரைக் கறந்து மாறுபவருக்குச் சலுகை கொடுப்பதால் மட்டுமே உயிர்வாழும் போட்டியானால் அது சாவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இரவு நேரத்தில் காரை மின்னேற்றினால் பாதி விலை, பேட்டரியில் சேமித்துத் திருப்பி விற்றால் பணம் என்ற வகையான புதுத் திட்டங்கள் ஏலத்தில் வாங்கும் இயல்பு விலைக்குள்ளிருந்து பிறக்குமா என்பது ஐயமே. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு நெறிமுறையில், இரண்டு லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர் உள்ள வழங்குநர்கள் சந்தை விலையோடு ஏறி இறங்கும் திட்டம் ஒன்றைக் கேட்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதித்தது. அதன் இடர்களை முன்கூட்டிச் சொல்லவும் வேண்டும். கேட்டவருக்கு மட்டும் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

மார்ச் 2

குடிநீரைப் பற்றி ஒரு சொல். இங்கே சில்லறைப் போட்டிக்குப் பிடிமானம் மிகக் குறைவு. நீரைத் தொலைவுக்குக் கொண்டுபோவது செலவு மிகுந்தது; ஆற்றுப்படுகைக்கு வெளியே மொத்தச் சந்தை உருவாவதும் கடினம். இங்கிலாந்து 2017 ஏப்ரலில் வணிக நிறுவனங்களுக்கு மட்டும் குடிநீர் வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தது. வீடுகளுக்கு அந்த நாடு கொடுத்த பெரிய பாதுகாப்பு வேறொன்று: 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணம் கட்டாததற்காக ஒரு வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மின்சாரத்திலோ, அதே நாட்டில், கடன்பட்ட வீடுகளில் வலுக்கட்டாயமாக முன்பண மீட்டரைப் பொருத்தினர். 2023 பிப்ரவரியில்தான் ஆணையம் அதை நிறுத்திவைக்கச் சொன்னது. முன்பணம் தீர்ந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். நிறுவனத்தின் ஏட்டில் அது துண்டிப்பு என்று பதிவாகாது, வாடிக்கையாளர் பணம் போடவில்லை என்றே பதிவாகும்.

புகார்ப் பிரிவில் அந்தக் கணக்குகள் தனி நிறத்தில் தெரியும். ஞாயிறு இரவு அழைப்புகள் பெரும்பாலும் அந்த நிறம்தான். மாறிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. பழைய கடன் தீராமல் எந்த நிறுவனமும் ஏற்காது. எங்கள் கட்டடத்தின் வரவேற்பறையில் "தேர்வு உங்கள் கையில்" என்ற பலகை இருந்தது. அவர்களிடம் பேசி முடித்துவிட்டு வெளியே போகும்போது அந்தப் பலகையைக் கடந்துதான் போக வேண்டும்.

மார்ச் 8

முதல் வாசகர் தன் கேள்வியைத் திருத்தி எழுதியிருக்கிறார்: ஆணையத்தின் வேலை முடிவதில்லை, இடம் மாறுகிறது என்று இப்போது ஒப்புக்கொள்கிறார். நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். திறந்த சந்தையில் மாறுவதற்கான தடைகள் போனால்தான் மாறாதவரின் மீதும் விலை இறங்கும் அழுத்தம் வரும் என்பதை நான் குறைத்து மதிப்பிட்டேன். நார்வேயில் 1991இல் வாசல் திறந்தது, ஆனால் சிறு வாடிக்கையாளர் மாறுவதற்கு பயன்பாட்டை மணிக்கு மணி அளக்கும் மீட்டர் தேவை என்ற நிபந்தனை 1995இலும், மாற்றக் கட்டணம் 1997இலும் நீங்கிய பிறகே வீடுகள் அசைந்தன. திறப்பு என்பது சட்டத்தின் தேதியில் நடப்பதில்லை. மீட்டர் பெட்டிக்கு முன்னால் நடக்கிறது.

மார்ச் 11

முடிந்துபோன என் ஒப்பந்தத்துக்கு மாற்றாக வேறொரு வழங்குநருக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மையாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இந்த முறை விண்ணப்பத்தில் மீட்டர் எண்ணை நிரப்பும்போது அவரும் படிக்கட்டுக்கு அடியில் கைவிளக்கோடு நின்று, இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தாமே வாசித்தார். பிறகு தம் மீட்டரின் மேல் வெள்ளைத் துண்டுச் சீட்டு ஒன்றில் தம் பெயரை எழுதி ஒட்டினார். சீட்டு விழுந்துவிடுமோ என்று மேலே இன்னொரு பட்டையும் ஒட்டினார்.